ஏழு-பி வீட்டின் ஓட்டு

மூச்சு இயந்திரத்துக்கு நானூற்று இருபது வாட் வேண்டும். சங்கம் முந்நூறுதான் தருவேன் என்றது.

கோடையில் தினமும் பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரை கரண்ட் இருக்காது. பத்து வருஷமாக ஊருக்கே அப்படித்தான். அந்த இரண்டு மணி நேரம் குடியிருப்பின் தொண்ணூற்றேழு வீடுகளும் அடித்தளத்தில் இருக்கும் பொது பேட்டரியை நம்பி இருந்தன. பேட்டரிக்கு வயதாகிவிட்டது. அதனால் தீர்மானம் பதினான்கு. தடை நேரத்தில் எந்த வீடும் முந்நூறு வாட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மீட்டர் தானாகவே அந்த வீட்டை வெட்டிவிடும்.

தீர்மானத்துக்கு ஆதரவு நாற்பத்தொன்பது. எதிர்ப்பு நாற்பத்தெட்டு.

மங்கையர்க்கரசி அந்த இரண்டு எண்களையும் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். முப்பத்தொரு வருஷம் பள்ளியில் கணக்கு நடத்தியவள். குடியிருப்பில் எல்லோருக்கும் டீச்சர். வீட்டில் மட்டும் அரசி.

"ஒரே ஒரு ஓட்டு," என்றாள் வழக்கறிஞர் பிலோமினாவிடம். "யாரோ ஒருத்தர்."

"யாரோ ஒருத்தரோட பதிலி," என்றாள் பிலோமினா. "அத மறந்துடாதீங்க. ஆளுங்க யாரும் ஓட்டுப் போடல."

ஆட்கள் ஓட்டுப் போடுவது நின்று ஐந்து வருஷம் ஆகிறது. பொதுக்குழுவுக்கு யாரும் வருவதில்லை. வந்தபோதெல்லாம் நாற்காலி பறந்தது. கடைசியில் அரசு எல்லாக் குடியிருப்புகளுக்கும் பதிலி என்ற மென்பொருளைக் கட்டாயமாக்கியது. உரிமையாளர் நாற்பது கேள்விகளுக்குத் தன் குரலில் பதில் சொல்லிப் பதிந்துகொள்ள வேண்டும். அதன் பிறகு சங்கக் குழுவில் அவர் எழுதுவது, புகார் கொடுப்பது, சண்டை போடுவது எல்லாவற்றையும் பதிலி படித்துக்கொள்ளும். அவர் எப்படி முடிவெடுப்பாரோ அப்படியே ஓட்டுப் போடும்.

"எப்படிப் போட்டுச்சுன்னு சொந்தக்காரருக்கே தெரியாதே," என்றாள் அரசி.

"தெரியக்கூடாதும்மா. தெரிஞ்சா, காட்டுன்னு பக்கத்து வீட்டுக்காரன் வந்து நிப்பான். அதனால சீல் வச்சிடறாங்க. தீர்ப்பாயம் மட்டும்தான் திறக்கலாம். அதுவும் உரிமையாளர் கையெழுத்துப் போட்டுச் சம்மதிச்சா."

"திறந்தா?"

"ஆதரவுன்னு போட்ட ஒருத்தர் வந்து, இது என் மனசு இல்லன்னு சொன்னா போதும். அந்த ஓட்டு செல்லாது. நாப்பத்தெட்டுக்கு நாப்பத்தெட்டு. உங்க விதியில சமம்னா தீர்மானம் தோத்துச்சு."

பிலோமினா ஒரு படிவக் கட்டை மேசையில் வைத்தாள். "வெள்ளிக்கிழமை தீர்ப்பு. தீர்மானத்துக்கு நாம வாங்கின இடைக்காலத் தடையும் அன்னைக்கு முடியுது. வீடு வீடா போய்க் கையெழுத்து வாங்குங்க. முதல் கையெழுத்து உங்களோடதா இருக்கட்டும். பாக்கறவங்களுக்குத் தைரியம் வரும்."

வீடு அரசியின் பெயரில்தான் இருந்தது. அரசி கையெழுத்துப் போட்டாள்.

*

நாலு நாள் ஏறி இறங்கினாள். யாரும் முகம் கொடுத்துப் பேசாமல் இல்லை. காபி கொடுத்தார்கள். அவள் கணவர் சிவப்பிரகாசம் சாரை விசாரித்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அதே வார்த்தை: "எங்க பதிலி உங்களுக்குத்தான் போட்டிருக்கும் டீச்சர்."

காலண்டரின் பின்பக்கத்தில் டிக் போட்டுக்கொண்டே வந்தாள். தன் வீட்டையும் சேர்த்து அறுபத்தொன்று. எதிர்ப்பு நாற்பத்தெட்டுதான் விழுந்தது. பதின்மூன்று பேர் அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறார்கள். அல்லது அவர்களுக்கே தெரியாது. எது மோசம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

படிவத்தை நீட்டியதும் பேச்சு மாறியது.

"அவர் வெளியூர் போயிருக்கார். வந்ததும் கேட்டுச் சொல்றேன்."

"திறந்து பாக்கறது எதுக்கு டீச்சர்? நம்ம மேல நம்பிக்கை இல்லையா?"

மூன்றாம் மாடியில் ஒருவர் படிவத்தை இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கே பயமா இருக்கு," என்றார். "என்ன போட்டு வச்சிருக்கோ."

ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்பதாவது, நேர் கீழ்வீடு ஆறு-பி ஹேமலதா. கேட்ட மாத்திரத்தில் போட்டாள். படிக்கக்கூட இல்லை.

அதுதான் அரசிக்கு உறுத்தியது.

அந்த வீட்டில் இரண்டு ஏசி. போன கோடையில் பேட்டரி பாதியில் தீர்ந்து ஃபேன்கூட நின்றுவிடுகிறது, புழுக்கம் தாங்கவில்லை என்று ஹேமலதா குழுவில் எழுதியது அவளுக்கு நினைவிருந்தது. வாரம் மூன்று நாள் காலையில் இட்லி கொண்டுவந்து கொடுப்பாள். சாருக்கு மெத்தென்று இருக்கட்டும் என்பாள். புதன்கிழமையும் கொண்டுவந்தாள். அரசி வாங்கிக்கொண்டாள். அவள் போனதும் இட்லியைக் குப்பையில் கொட்டினாள். டப்பாவைக் கழுவி அன்று மாலையே திருப்பிக் கொடுத்தாள். வெறும் டப்பா. அப்படி அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. ஹேமலதா டப்பாவைக் கையில் வாங்கி, கனத்தைப் பார்த்தாள்.

*

"டீச்சர், அட்டெண்டன்ஸ் எடுத்தாச்சா?" என்றார் சிவப்பிரகாசம்.

முகமூடி போட்டபடியே பேசப் பழகியிருந்தார். இயந்திரம் மூச்சைத் தள்ளும். அது வெளியேறும்போது மூன்று நான்கு சொற்கள். மறுபடி தள்ளும். அவர் வாக்கியங்கள் எல்லாம் அந்த அளவுக்கு வெட்டுப்பட்டு வந்தன.

"ஒன்பது," என்றாள்.

"போதும். கேஸ வாபஸ் வாங்கிடு."

"அப்புறம்?"

"ஆஸ்பத்திரில சேத்துடு. அங்க கரண்ட் போகாது."

போன தரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சளி பிடித்து, நாற்பது நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார். பாதி உடம்பு அங்கேயே தங்கிவிட்டது. அடுத்த தரம் வேண்டாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார். அது அவருக்கும் தெரியும்.

"தனியா ஒரு பேட்டரி வாங்கி வச்சிக்கலாம்னா விதி விடலயே," என்றாள்.

"சி பிளாக் தீப்பிடிச்சப்ப நான் போட்ட விதி."

"பெருமை வேற."

அவர் சிரித்தார். இயந்திரம் சிரிப்பை நடுவில் வெட்டியது.

படுக்கையில் விழும் வரை ஏழு வருஷம் அவர்தான் சங்கத் தலைவர். நெடுஞ்சாலைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற கையோடு சங்கத்தைப் பிடித்துக்கொண்டார். ஓட்டுரிமை அரசியின் பெயரில் இருந்தது, தலைவர் நாற்காலியில் அவர் இருந்தார். உரிமையாளரின் கணவர் நிற்கலாம் என்று விதி இருந்தது. சங்க வேலை எல்லாவற்றையும் ஒரு டேப்லெட்டில், அரசியின் கணக்கில் நுழைந்துதான் செய்வார். குழுவில் "அரசி, 7-பி" என்று வரும் செய்திகளைப் படித்தால் எல்லோருக்கும் தெரியும், அது சார். கட்டில் பக்கத்தில் இன்னும் அதே டேப் ஸ்டாண்டில் நின்றது. அவர் நியூஸ் கேட்பார், பாட்டு கேட்பார்.

"அரசி."

"ம்."

"ஷாகிரா ஞாபகம் இருக்கா? நாலு-சி."

இருந்தது. ஷாகிராவின் மகள் நஸ்ரினுக்குச் சக்கர நாற்காலி. பள்ளி வேன் இரண்டரைக்குக் கொண்டுவந்து விடும். தடை நேரத்தில் லிஃப்ட் ஓடாது. நான்கு மணி வரை அந்தப் பெண் கார் நிறுத்துமிடத்தில் இருப்பாள். இரண்டரைக்கு ஒரே ஒரு தரம் லிஃப்டை ஓட்டச் சொல்லி ஷாகிரா மூன்று முறை மனுக் கொடுத்தாள். ஒரு வீட்டுக்காக விதியை மாற்ற முடியாது என்று மூன்று முறையும் அவர்தான் பதில் எழுதினார். ஒரு வருஷம் பார்த்துவிட்டு எங்கோ தரைத்தளத்தில் வாடகைக்குப் போய்விட்டார்கள்.

"இப்ப எதுக்கு அது?" என்றாள்.

"சும்மா," என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

*

வெள்ளிக்கிழமை அவரோடு இருக்க ஹேமலதாவைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. வேறு ஆளில்லை. எந்த சுவிட்ச், எந்தக் குழாய், இயந்திரம் நின்றால் மூச்சு கொடுக்கும் கைப்பம்பை எப்படி அழுத்துவது, எந்த நம்பர் என்று அரசி மூன்று தரம் சொன்னாள்.

"போயிட்டு வாங்கக்கா. நான் பாத்துக்கறேன்," என்றாள் ஹேமலதா.

தீர்ப்பாயம் ஒரு பழைய வங்கிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. உறுப்பினர் ஐம்பது வயதுப் பெண். எதிரே சங்கத் தலைவர் தணிகைவேல். எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

"டீச்சர் மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லைங்க," என்றார் உறுப்பினரிடம். "பேட்டரி மூணரைக்கே தீந்துடுது. போன சித்திரையில மாசமா இருந்த பொண்ணு ஒண்ணு லிஃப்ட்ல அம்பது நிமிஷம் மாட்டிக்கிச்சு. அப்போ இருந்து லிஃப்ட மெதுவாவாவது ஓட்டறோம். பன்னண்டாம் மாடில தண்ணி ஏறல. அவங்களும் மனுஷங்கதானே."

பொய் ஒன்றும் இல்லை. அரசி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சம்மதம் கொடுத்த பத்து வாக்குகளைத் திறக்கிறோம்," என்றார் உறுப்பினர். "மாடி வரிசைப்படி."

சுவரில் இருந்த திரையில் ஒவ்வொன்றாக வந்தது.

ஒன்று-ஏ. எதிர்ப்பு. இரண்டு-சி. எதிர்ப்பு. மூன்றாம் மாடிக்காரர், என்ன போட்டு வச்சிருக்கோ என்று பயந்துகொண்டே கையெழுத்துப் போட்டவர், எதிர்ப்பு. பிலோமினா பேனாவை மூடி மூடித் திறந்தாள். எதிர்ப்பாக வருவது எதற்கும் உதவாது. ஒரு ஆதரவு வேண்டும். எட்டு ஓட்டுகள் போயின. அரசி ஆறு-பி-க்காகக் காத்திருந்தாள்.

ஆறு-பி. எதிர்ப்பு.

அவளுக்கு முதலில் ஏமாற்றம்தான் வந்தது. குப்பைக்கூடையில் கிடந்த இட்லி அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"கடைசி. மனுதாரருடையது," என்றார் உறுப்பினர்.

ஏழு-பி. ஆதரவு.

பிலோமினா திரும்பி அவளைப் பார்த்தாள். தணிகைவேலும் பார்த்தார்.

"தப்பு," என்றாள் அரசி. "மிஷின் தப்பா போட்டிருக்கு."

"ஒரு நிமிஷம்." உறுப்பினர் தன் திரையைப் படித்தார். "தீர்மானம் உரிமையாளர் வீட்டு மருத்துவக் கருவியைப் பாதிக்கும்னா, பதிலி போடறதுக்கு முன்னாடி கேட்கணும். கேட்டிருக்கு. குரல் ஒப்புதல் பதிவாயிருக்கு. பதிவு செஞ்ச குரலோட பொருந்துது."

"என்னை யாரும் கேட்கல."

"கேட்போம்."

முதலில் பதிலியின் சீரான குரல். "தீர்மானம் பதினான்கு உங்கள் வீட்டின் மூச்சு இயந்திரத்தைப் பாதிக்கும். உங்கள் முந்தைய முடிவுகளின்படி நான் ஆதரவாக வாக்களிக்க வேண்டும். உறுதி செய்கிறீர்களா?"

பிறகு காற்று தள்ளும் சத்தம். வெளியேறும் சத்தம். மறுபடி தள்ளும் சத்தம். அறையில் இருந்தவர்களுக்கு அது ஏதோ இரைச்சல். அரசி இரண்டு வருஷமாக அந்தச் சத்தத்தில் தூங்கி அந்தச் சத்தத்தில் எழுந்துகொண்டிருக்கிறாள்.

"போடு."

"உறுதிதானா?"

காற்று. காற்று.

"விதின்னா... எல்லாருக்கும்தான். போடு."

பதிவு முடிந்தது. தணிகைவேல் தலையைக் குனிந்து தன் காகிதங்களை அடுக்கினார். அடுக்கியதையே மறுபடி அடுக்கினார்.

ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாற்பது கேள்வியாம், உன் குரலில் சொல்லணுமாம், வா என்று அவர் கூப்பிட்டார். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நீங்களே சொல்லிடுங்க, உங்க சங்கம்தானே என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் பெயரில் அவர் மனசு ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா, இது உங்க குரல் இல்லை. யாருடையது?" என்றார் உறுப்பினர்.

பிலோமினா காதருகே வந்தாள். "சொல்லுங்கம்மா. உரிமையாளர் இல்லாத ஆள் போட்டது. செல்லாது. சொன்னா ஜெயிச்சோம்."

சொன்னால், அவர் தன் மூச்சை நிறுத்தத் தானே ஓட்டுப் போட்டவர் என்று இந்த அறைக்குத் தெரியும். மாலைக்குள் தொண்ணூற்றேழு வீட்டுக்கும் தெரியும்.

"என் வீட்டுக்காரர்," என்றாள்.

"நினைவோடதான் பேசினாரா?"

இல்லை என்று சொல்லலாம். மருந்து மயக்கம் என்று சொல்லலாம். பிலோமினாவின் கை அவள் முழங்கையை லேசாக அழுத்தியது.

"முழு நினைவோட," என்றாள் அரசி. "அவர் எப்பவும் அப்படித்தான்."

பன்னிரண்டே முக்காலுக்குத் தீர்ப்பு வந்தது. ஏழு-பி வாக்கு செல்லாது. நாற்பத்தெட்டுக்கு நாற்பத்தெட்டு. தீர்மானம் தோற்றது. ஏழு-பி உரிமையாளர் முப்பது நாளுக்குள் தன் சொந்தக் குரலில் புதிதாகப் பதிய வேண்டும்.

வராந்தாவில் தணிகைவேல் அவளுக்காக நின்றார்.

"அடுத்த மாசம் திரும்ப வரும் டீச்சர். பேட்டரி அதேதானே. எனக்கு வேற வழி தெரியல."

"தெரியும்."

"ஒரு வீட்டுக்கு ஒரு விதி கூடாதுன்னு சொல்லிக்கொடுத்ததே சார்தான்." காகிதக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அவர்கிட்ட நான் எதுவும் கேக்க மாட்டேன்."

*

ஆட்டோ ஏறிய பிறகுதான் அது தோன்றியது. தீர்ப்போடு இடைக்காலத் தடையும் முடிந்துவிட்டது. தீர்ப்பின் நகல் மீட்டருக்குப் போய்ச் சேர்ந்ததா? சேராவிட்டால் மீட்டருக்குத் தெரிந்தது பழைய தீர்மானம் மட்டும்தான். மணி ஒன்று நாற்பது. பிலோமினா போனை எடுக்கவில்லை. தணிகைவேல் எடுத்தார்.

"இப்பதான் ஏத்திக்கிட்டு இருக்காங்க டீச்சர். ஆயிடும்."

"ரெண்டு மணிக்குள்ள?"

"ஆயிடணும்."

சந்தையில் ஒரு சிக்னலில் வண்டி நின்றது. ஓரத்தில் கூடைக்காரி நுங்கு வைத்திருந்தாள். எதற்கென்று யோசிக்காமல் ஒரு டஜன் வாங்கினாள். குடியிருப்பு வாசலில் இறங்கும்போது மணி இரண்டைத் தாண்டி மூன்று நிமிஷம். லிஃப்ட் தடை நேரத்து மெதுவான வேகத்தில் பதினோராம் மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. காத்திருக்க முடியவில்லை. படியேறினாள். நாலாம் மாடியில் முழங்கால் பிடித்துக்கொண்டது. நாலு-சி கதவின் முன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபடி ஏறினாள்.

ஏழாம் மாடியில் கதவு திறந்தே இருந்தது. உள்ளே காற்று தள்ளும் சத்தம். வெளியேறும் சத்தம்.

ஹேமலதா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அரசியின் முகத்தைப் பார்த்து எழுந்தாள்.

"ஒரு நொடி நின்னுது அக்கா. உடனே வந்துடுச்சு. நீங்க சொன்ன மாதிரி கைப்பம்ப எடுத்துட்டேன், அதுக்குள்ள வந்துடுச்சு." கைப்பம்பு இன்னும் கட்டில் மேலேயே கிடந்தது.

அரசி நுங்குப் பையை அவளிடம் கொடுத்தாள். "டப்பாவ வெறுமனே குடுத்துட்டேன் அன்னைக்கு," என்றாள்.

"அதுக்கென்னக்கா," என்றாள் ஹேமலதா. பையை வாங்கிக்கொண்டாள்.

அவள் போன பிறகு சிவப்பிரகாசம் கேட்டார். "என்ன ஆச்சு?"

"ஜெயிச்சாச்சு."

"எப்படி?"

"ஒரு ஓட்டு செல்லாதுன்னுட்டாங்க."

அவர் யாருடையது என்று கேட்கவில்லை. ஃபேன் மெதுவாகச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரசி நாற்காலியை இழுத்து அவர் முகத்துக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்." இயந்திரம் தள்ளியது. "அந்தப் பொண்ணு தினமும் கீழ உக்காந்திருக்கும். நான் பேப்பர் வாங்கப் போவேன். வணக்கம் தாத்தான்னு சொல்லும்." தள்ளியது. "அவங்களுக்கு இல்லன்னுட்டு... எனக்கு மட்டும் ஆமான்னு... எப்படிச் சொல்றது?"

"அதுக்கு? நான் இருக்கேன்னு நெனப்பே வரலயா உங்களுக்கு?"

முகமூடிக்குள் கண்ணாடிபோல் ஈரம் படர்ந்தது. அரசி அதைக் கழற்றாமல் ஓரத்தை மட்டும் துணியால் ஒற்றினாள்.

பிறகு ஸ்டாண்டில் இருந்து டேப்பை எடுத்து மடியில் வைத்தாள். புதுப் பதிவு. பெயர் சொன்னாள். வீட்டு எண் சொன்னாள். ஐந்து வருஷத்தில் முதல் முறையாக அது அவள் குரலைக் கேட்டது. கேள்விகள் வந்தன. நாய் வளர்ப்பது, குப்பை பிரிப்பது, வாடகைக்கு விடுவது. அவர் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார்.

பதினேழாவது கேள்வி. "ஒரு வீட்டின் தேவைக்காக எல்லா வீடுகளும் சிரமப்படலாமா?"

கீழே சின்ன எழுத்தில் பழைய பதில் இருந்தது. கூடாது.

"படலாம்," என்றாள் அரசி.

"எந்த வீடாக இருந்தாலுமா?" என்றது பதிலி.

அவள் யோசித்தாள். தன் வீட்டுக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம். பன்னிரண்டாம் மாடியில் தண்ணீர் ஏறாத வீடும் ஒரு வீடுதான். ஐந்து வருஷத்துக்கு முன் இதே கேள்விக்கு அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எந்த வீடாக இருந்தாலும்."

டேப் அடுத்த கேள்விக்குப் போனது. அவர் கையை லேசாகத் தூக்கினார். அவள் நிறுத்தினாள்.

"என்னையும் ஒரு தரம் கேளு."

"உங்களுக்கு ஓட்டு இல்ல. தீர்ப்பே வந்தாச்சு."

"ஓட்டுக்கு இல்ல. நீ கேளு."

டேப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வகுப்பில் கேட்பது போல நிதானமாக அவளே கேட்டாள். "ஒரு வீட்டுக்காக எல்லாரும் சிரமப்படலாமா?"

இயந்திரம் மூன்று முறை தள்ளியது. மூன்று முறையும் அவர் ஒன்றும் பேசாமல் அந்தக் காற்றை வெளியே விட்டார். நாலாவதில்தான் சொல் வந்தது.

"ஷாகிரா நம்பர் இருக்கா?"

இருந்தது. அரசி அதை அழித்திருக்கவில்லை.